மாநாட்டு லேகியம்

“அச்!”

ஆரோக்கியமுத்து வாத்தியார் போட்ட தும்மலில் முற்றத்துக் கோழிகள் கூரையேறின. அப்போதுதான் தபாலில் வந்த கடிதம் அவர் கையில் இருந்தது. புதுக்கோட்டையில் சமஸ்தான ஆசிரியர் மாநாடு. அதற்கு இன்னும் ஐம்பது நாள் கிடந்தது.

“கடுதாசியைப் பிரிக்கிறதுக்குள்ளேயே ஆரம்பிச்சாச்சா?” என்றாள் மனைவி அமலராணி, அடுப்படியிலிருந்து.

அவள் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருஷமாக இதே கதை. முதல் வருஷம் மேடையேறும் நேரத்தில் குரல் கட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் காய்ச்சல். போன வருஷம், தங்கின வீட்டுக்காரர் கஷாயம் வைத்துக் கொடுத்தே களைத்துப் போனார்.

வாத்தியார் கொண்டுபோகும் தீர்மானமோ ஒரே வரிதான்: கீற்றுக் கூரைப் பள்ளிக்கூடங்களுக்கு ஓடு வேய வேண்டும். ஆவூர்ப் பக்கம் அவருடைய பள்ளிக்கூடத்தில் மழை வந்தால் மூன்றாம் வகுப்பு ஒன்றாம் வகுப்பின் மடியில் உட்காரும். ஆனால் அவர் படுத்துவிட்ட நேரம் பார்த்து பொன்னமராவதி கண்ணுசாமி எழுந்து, “இதை அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைக்கலாம்” என்பார். கண்ணுசாமிக்கு ஓட்டின் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. ஒத்திவைப்பது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி.

“இந்தத் தடவை விடறதில்லை” என்று வாத்தியார் கீரனூருக்கு நடந்தார்.

குழந்தைசாமி வைத்தியர் நாடி பார்த்துவிட்டு குடத்தளவு பீங்கான் ஜாடி ஒன்றை எடுத்து வைத்தார். சுக்கு, திப்பிலி, கடுக்காய், நிலாவாகை, தேன், நெய் எல்லாம் போட்டுக் கிளறின லேகியம்.

“இதைத் தின்னா ஊரே இருமினாலும் உங்களை ஒண்ணும் அண்டாது. உள்ள இருக்கிற கசடையெல்லாம் கீழ தள்ளிரும். முதல்ல மிளகளவு, போகப் போகச் சுண்டைக்காயளவு. அதுக்கு மேல போனீங்கன்னா நான் பொறுப்பில்லை.”

வாத்தியார் நாற்பது நாள் தவறவில்லை. பத்தியமும் இருந்தார், மீன் குழம்பு மணக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“லேகியம் தின்னு கன்னம் மினுமினுங்குது. மாநாட்டுக்குப் போறீங்களா, மாப்பிள்ளையாப் போறீங்களா?” என்றாள் அமலராணி.

மாநாட்டின் முதல் நாள் விருந்து பலமாக இருந்தது. வடை, பாயசம், நாலு வகைக் கறி. இலையை விட்டு எழுந்தவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது வாத்தியார் ஓர் ஓரமாக ஜாடியைத் திறந்தார். நெய் வாசனை கூடத்தைச் சுற்றி வந்தது.

“அடடே, தீபாவளி லேகியம்ல” என்றார் ஒருவர். “நமக்கும் ஒரு கிள்ளு கொடுங்க, வாத்தியாரே.”

“இது மருந்துங்க. சுண்டைக்காயளவுதான்...”

“மருந்துன்னு சொல்லித் தனியாத் தின்னுரலாம்னு பார்க்கிறீங்களா?”

விருந்துக்குப் பின் லேகியம் என்றால் செரிமானத்துக்குத்தான் என்று பழகிப்போன கைகள். எலுமிச்சம்பழ அளவில் தோண்டின. தலைவர் ஆவுடையப்பன் மட்டும், நீரிழிவுக்காரர் என்பதால், தொடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாத்தியாரின் முறை. மேடையேறிக் கீழே பார்த்தார். நூற்றிருபது நாற்காலியில் பதினோரு பேர். மற்றவர்கள் குளக்கரையில் ஆளுக்கொரு புதரை ஆக்கிரமித்திருந்தார்கள்.

வாத்தியாரின் குரல் கணீரென்று இருந்தது. மழையையும் மூன்றாம் வகுப்பையும் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்.

“ஆட்சேபிப்பவர் உண்டா?” என்று கேட்டார் தலைவர்.

பொன்னமராவதி கண்ணுசாமியின் நாற்காலியில் ஓர் அங்கவஸ்திரம் மட்டும் கிடந்தது.

“ஏகமனதாக நிறைவேறியது.”

வீடு திரும்பியவரை அமலராணி ஏற இறங்கப் பார்த்தாள். தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை. செய்தி கேட்டதும் மீன் வாங்கிவரச் சொன்னாள். வாத்தியார் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றார்.

“சனிக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ல நானும் வாரேன்.”

“ஈஸ்டருக்குத்தானே போவீங்க? இப்ப என்ன பாவம் செஞ்சீங்க? அவங்க தோண்டித் தின்னதுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

வாத்தியார் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“எல்லாரும் அவங்களே தோண்டித்தான் எடுத்தாங்க. கண்ணுசாமிக்கு மட்டும் நான் என் கையால ரெண்டு உருண்டை உருட்டிக் கொடுத்தேன்.”