திருப்பிக் கொளுத்திய மெழுகுதிரிகள்

விக்னராஜா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டதால், ஞாயிற்றுக்கிழமைப் பிறந்தநாள் விழாவைப் படமெடுக்கும் பொறுப்பு மனைவி நிரோசினியின் தலையில் விழுந்தது. இத்தாலியின் பலெர்மோ நகரில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களின் விழாக்களுக்கு அவன்தான் படமெடுப்பான். அவளோ காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டையும் பின்னேரம் இன்னொரு வீட்டையும் துப்புரவாக்குகிறவள். கமராவை அலமாரியில் தூசி தட்டியதோடு சரி.

வேலை முடிந்து வந்தவளை விக்னராஜா படமெடுக்கப் பழக்கவென்று பல்லரோ சந்தைக்குக் கூட்டிப்போனான். அவள் ஒரு மீன்காரரைப் படமெடுத்துக் காட்டினாள்.

"தலைக்கு மேலை ஏன் இவ்வளவு இடம்? ஆளை ஒரு பக்கமா வையும். அவர் பாக்கிற பக்கம் வெளியா இருக்கோணும்."

"எனக்குக் கால் உளையுது."

"இன்னும் ஒண்டு. வெளிச்சம் குறைஞ்சால் சட்டர் வேகத்தைக் குறையும், ஐஎஸ்ஓவைக் கூட்டும். இல்லாட்டில் எல்லாம் கறுப்பாத்தான் வரும்."

"ஓம்" என்றாள். பாதிதான் மண்டையில் ஏறியது.

விழா, போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரு சின்ன மண்டபத்தில். சாம்பவியின் மகளுக்கு ஐந்து வயது. மாவுக்கட்டுக் கையோடு விக்னராஜா ஒரு மூலையில் இருந்தான். பளிச்சென்ற விளக்கில் படங்கள் நன்றாகவே வந்தன. கேக் வெட்டும்போது யாரோ விளக்கை அணைத்தார்கள். நிரோசினி விடாமல் அழுத்தினாள். பிள்ளை மெழுகுதிரிகளை ஊதி, எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகுதான் கமராத் திரையைப் பார்த்தாள். எல்லாம் ஒரே கறுப்பு; ஒன்றில்கூட முகம் தெரியவில்லை.

விக்னராஜா எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். "கமரா பழுதெண்டு சொல்லும்" என்று முணுமுணுத்தான்.

பொய் சொல்லி, அதைக் காப்பாற்றவும் அவளுக்குத் தெம்பில்லை. நேரே சாம்பவியிடம் போனாள்.

"செற்றிங்கை மாத்த மறந்திட்டன். கேக் வெட்டினது ஒண்டும் வரேல்லை. திருப்பி ஒருக்கா கொளுத்துவீங்களோ?"

சாம்பவியின் முகம் கறுத்தது. ஆனாலும் மெழுகுதிரிகளைக் கொளுத்தினாள். பிள்ளைக்கு நித்திரை வந்துவிட்டது. "பஸ்தா, அம்மா, போதும்" என்று இத்தாலியனிலும் தமிழிலும் சிணுங்கித் தாயின் கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. நிரோசினி இம்முறை அவசரப்படவில்லை. சட்டரைக் குறைத்து, ஐஎஸ்ஓவைக் கூட்டி, பிள்ளையின் கண்மட்டத்துக்கு முழங்காலில் இருந்தாள். பிள்ளையை ஓரமாக விட்டாள். மற்றப் பக்கத்தில், மகளின் தலைமயிரை ஒதுக்கிவிடும் சாம்பவியின் களைத்த முகம் வந்தது.

பஸ்ஸில் விக்னராஜா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தான்.

"ஒருத்தரும் சிரிக்கேல்லையே."

"களைச்சுப்போச்சினம்."

"அழிக்கட்டோ?"

"வேண்டாம்."

மூன்றாம் நாள் சாம்பவி தொலைபேசியில் அழைத்தாள். அனுப்பிய படங்களுள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட, ஒருத்தரும் சிரிக்காத அந்தப் படம்தான் வேண்டுமாம். நிரோசினி அப்போது சிஞ்ஞோராவின் குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்து "சரி" என்று சொல்லிவிட்டு, அப்படியே தொட்டி விளிம்பில் சற்று நேரம் உட்கார்ந்தாள்.