பன்னிரண்டாவது பிரிவில் ஒரு கப்பல்

தொண்டாமுத்தூர் டவுன் பஸ் அன்று அரைமணி நேரம் தாமதமானதற்கு ஒரு யானைதான் காரணம். பஸ் கூரைமேல் இருந்த இரண்டு வாழைத்தாரையும் அது நிதானமாகத் தின்று முடித்தது. தாருக்குச் சொந்தக்காரரைப் பார்த்து ஒருதரம் தலையசைத்துவிட்டுத்தான் வழியும் விட்டது. கண்டக்டர் லக்கேஜ் காசைத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் இதற்குச் சாட்சி.

மெர்சி மட்டும் யானையைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குக் கணபதியில் உள்ள மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். மடியில் இருந்த துணிப்பையில் அவளுடைய பாலிடெக்னிக் டிப்ளமோவும் மார்க் ஷீட்டுகளும் இருந்தன. எல்லாம் ஒரிஜினல். அவற்றை இரண்டு வருசம் கம்பெனியில் வைத்திருப்பார்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நேர்முகத்தில் மேனேஜர் வெங்கடபதி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எம்ப்ளாய்மென்ட் ஆபீசிலும் அவள் பதிந்து வைத்திருந்தாள். அங்கிருந்து கார்டு வந்தால் ஒரிஜினலைத்தான் கேட்பார்கள்.

பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துக்காக அப்பா காளிச்சாமி. சர்ச் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர். அதைப் பாதிரியாரே மறந்துவிட்டு இருபது வருசமாகிறது.

கம்பெனிக்குள் நுழைந்தபோது பத்து முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை. பேனாவை நீட்டிய வெங்கடபதி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பத்தரைக்கே ராகு காலம் பிடித்துவிட்டது. அந்தக் கம்பெனியில் ராகு காலத்தில் ஒரே ஒருவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் செப்புக் கம்பிச் சுருள் கட்டிய முதல் மோட்டார், தொட்டியில் இருந்த தண்ணீரையெல்லாம் திருப்பிக் கிணற்றுக்குள் இறைத்துவிட்டது.

வழக்கமாக அங்கே கடைசிப் பக்கத்தைத் திறந்து, விரலால் இடத்தைக் காட்டுவார்கள். அரை நிமிசத்தில் வேலை முடிந்துவிடும். இன்று முடியவில்லை.

“பன்னண்டு வரைக்கும் அப்பிடி உக்காருங்க அம்மணி. பேப்பரைக் கையிலயே வெச்சுக்குங்க, ஃபேன் காத்துக்குப் பறந்துரும்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஆங்கிலத்தில் டைப் அடித்த ஆறு பக்கம். மெர்சி முதல் பக்கத்தைத் திறந்ததுமே அப்பா முழங்கையால் இடித்தார்.

“படிக்காத கண்ணு. பாத்தாங்கன்னா, நம்பாமப் படிக்கறான்னு நெனைச்சுக்குவாங்க. பண்ணாடிக்குக் கெட்ட பேராயிரும்.”

பண்ணாடி என்றது தோட்டத்து முதலாளி நஞ்சுண்டனை. அவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் இந்த வேலை. மெர்சி பக்கத்தை மூடினாள்.

பெஞ்சின் மறு ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் பிரவின்குமார் என்றார். இங்கே மூன்று வருசம் வேலை பார்த்து, எட்டு மாதத்துக்கு முன் நின்றவர். சான்றிதழைத் திருப்பிக் கேட்டு வெள்ளிதோறும் வருகிறார். வரும்போதெல்லாம் அக்ரிமென்ட்டில் உள்ளபடிதான் தரமுடியும் என்ற பதிலும் ஒரு டீயும் கிடைக்கின்றன. இதற்குள் இரண்டு நல்ல வேலை கைவிட்டுப் போய்விட்டது.

“அக்ரிமென்ட்ல என்னங்க இருக்குது?” என்று மெர்சி கேட்டாள்.

“பாக்கலீங்க. அவுங்க முன்னால எப்பிடிங்க படிக்கறது?”

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பாமல் காகிதத்தைப் பிரித்தாள். பாதி வார்த்தை புரிந்தது, மீதியைப் பக்கத்து வார்த்தைகளை வைத்து யூகித்தாள். நான்காவது பிரிவில், கேப்டனின் அனுமதியின்றிப் பணியாளர் கரை இறங்கக் கூடாது என்றிருந்தது. தப்பாகப் படிக்கிறோம் என்று திரும்பப் படித்தாள். ஏழாவது பிரிவில், நடுக்கடலில் இறந்தால் அங்கேயே அடக்கம், மாலைச் செலவு குடும்பத்துடையது. பன்னிரண்டாவதை விரல் வைத்துப் படித்தாள். கப்பல் தன் துறைமுகத்துக்குத் திரும்பிய பிறகே சான்றிதழ்கள் திருப்பித் தரப்படும். வருசக் கணக்கே எங்கும் இல்லை.

அதைத் தமிழில் மெல்லச் சொன்னாள்.

“எந்தக் கப்பலுங்க?” என்று பிரவின்குமார் கேட்டார்.

சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று இருந்தது கம்பெனியின் சோதனைத் தொட்டி ஒன்றுதான். அதிலும் அன்று முழங்கால் அளவுதான் இருந்தது.

கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் பிரவின்குமாருக்குப் பக்கத்தில் அவளும் வெள்ளிதோறும் உட்காரவேண்டும். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபேன் அவருக்கு நேர்மேலேதான் சுற்றியது.

பன்னிரண்டு அடித்து முடிவதற்குள் வெங்கடபதி பேனாவோடு வந்துவிட்டார். கடைசிப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். மெர்சி பேனாவை வாங்கினாள்.

“ஏனுங்க சார்... நம்ம கப்பல் எப்பங்க திரும்பி வரும்?”

அவர் சிரித்தார். அவள் பன்னிரண்டாவது பிரிவைக் காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு நான்கு, பிறகு ஏழு. கொச்சியில் கப்பல் கம்பெனியில் இருந்த மைத்துனர் கொடுத்த நகல் இது, பெயரை மட்டும் மாற்றி அடித்தது என்று அவராகவே சொன்னார். இதுவரை அறுபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இன்றுதான் படிக்கிறார்.

“வெளிய சொல்லிப்போடாதீங்க அம்மணி” என்றார் தணிந்த குரலில்.

அப்போதுதான் பெஞ்சில் பிரவின்குமாரின் இடம் காலியாக இருப்பதை எல்லோரும் கவனித்தார்கள். சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஷெட்டிலிருந்து மீதி அறுபத்திரண்டு பேரும் சாப்பாட்டுக்குப் போகாமல், கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்து வரிசையாக நின்றார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. முதல் ஆள், ஏனுங்க, கப்பல் கிளம்பிட்டுதுங்களா என்று மரியாதையாக விசாரித்தார். இரண்டாம் ஆளும் அதையே விசாரித்தார். பதினேழாவது ஆள் விசாரித்தபோது வெங்கடபதி பீரோச் சாவியை எடுத்தார்.

பிரவின்குமாருக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்த ஒற்றை வரியை அவர் கால்மணி நேரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மெர்சியின் காகிதத்தில் நான்கையும் ஏழையும் பன்னிரண்டையும் வெங்கடபதி சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் தன் கையெழுத்தை வைத்தார். ஒரிஜினல்கள் பைக்குள்ளேயே இருந்துகொண்டன. ஜெராக்ஸ் போதும் என்றாயிற்று. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சாட்சியின் இடத்துக்கு மைப்பெட்டியை நகர்த்தினார்கள். காளிச்சாமி கட்டைவிரலை நீட்டினார். நீட்டிய விரலை மைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, வெங்கடபதியைப் பார்த்து மன்னிச்சுக்கோணுமுங்க என்றார்.

“மொதல்ல இருந்து படி கண்ணு. மெதுவா.”