மச்சினனுக்கு ஒரு விலக்கு

இணையத்தில் பாதை சொல்லும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் ரொம்ப நல்லவர்களாக இருந்திருக்க வேண்டும். "இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன" என்று ஒரு கம்பெனி அறிவித்தால், பக்கத்துக் கம்பெனி அப்படியே நம்பி அடுத்தவனுக்குச் சொல்லும். பொய் சொன்னாலும் நம்பும். அங்கே போக வேண்டியதெல்லாம் பொய் சொன்னவன் மடியில் போய் விழும். இதைத் தடுக்க, தங்கள் முகவரியை அறிவிக்கும் உரிமை எந்தக் கம்பெனிக்கு என்று முகவரியின் உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டுப் பதிந்து வைக்கலாம். பதிவோடு ஒத்துப்போகாத அறிவிப்பைத் தள்ளிவிட ஒரு ஃபில்டர் போட்டால் போதும்.

இதை எங்கள் இணையச் சேவைக் கம்பெனியின் மேனேஜர் மேடத்துக்குப் புரியவைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம் என்று நினைத்தபோது இறங்கி வந்தார்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க. அதனால ஒரே ஒரு வாடிக்கையாளருக்குப் பிரச்சனைன்னாலும் எடுத்துடுவேன். அப்புறம் அந்தப் பேச்சே வரக்கூடாது."

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மச்சினன் கூப்பிட்டான். என் மனைவியின் தம்பி. ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் பொறுப்பு அவனுடையது. எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஆஸ்பத்திரிகள் பார்ப்பது அவனுடைய சர்வரில்தான்.

"மாமா, எங்க சைட் நிறைய பேருக்குத் திறக்கலையாம். நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

ஃபில்டர் தள்ளிவிட்டவற்றின் பட்டியலைத் திறந்தேன். முதல் வரியிலேயே அவனுடைய முகவரிகள். அறிவித்திருந்தது நான் கேள்விப்படாத ஒரு கம்பெனி. பதிவில் இருந்தது வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவன் லட்சணம் எனக்குத் தெரியாதா? வீடு மாறி ஒரு வருஷம் ஆகியும் சொந்த அக்காவுக்கே முகவரி சொல்லாதவன். இணையக் கம்பெனியை மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்த மறந்திருப்பான்.

"என் ஃபில்டருக்கே வேட்டு வைக்கப் பார்த்தியேடா. வை போனை, சரி பண்றேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் வைத்துவிட்டேன். அவன் முகவரிகளுக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி எழுதினேன். மேடம் காதுக்குப் போவதற்குள் காரியம் முடிந்ததில் நிம்மதியாகக்கூட இருந்தது.

இருபது நிமிஷத்தில் மறுபடி அவன்.

"மாமா, உங்க லைன்ல இருக்கிற நாலு ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் இவ்வளவு நேரம் ஒழுங்கா வந்துட்டிருந்தது. இப்ப அதுவும் போச்சு. ஒரு இடத்துல ஆபரேஷன் நடந்துட்டிருக்கு, போன்லயே ரத்தம் கேட்டு வாங்குறாங்க."

"புதுக் கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?"

"எந்தப் புதுக் கம்பெனி? நாங்க எதையும் மாத்தலையே. அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்."

பட்டியலின் முதல் வரியை மறுபடி பார்த்தேன். அந்த அறிவிப்பு திருடனுடையது. ஊரெல்லாம் அவனை நம்பி ஏமாந்துகொண்டிருந்தபோது என் ஃபில்டர் மட்டும் அவனைப் பிடித்து வெளியே நிறுத்தியிருந்தது. வாங்க வாங்க என்று உள்ளே கூப்பிட்டவன் நான். வரியை அழித்தேன். இரண்டு நிமிஷத்தில் நான்கு ஆஸ்பத்திரிகளும் சரியாயின. மற்ற கம்பெனிகளுக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், மேடம் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நாலு ஆஸ்பத்திரியிலேருந்தும் புகார். நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? எடுத்துடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி ஃபில்டரோடு போய்விடும். நான் அழித்த ஒரு வரியை யாரும் தேடப் போவதில்லை. எட்டு மாதத்து உழைப்பை நானே குழி தோண்டிப் புதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஃபில்டர் சரியாத்தான் பிடிச்சது மேடம். மச்சினன் விஷயம்தானேன்னு விசாரிக்காம நான்தான் விலக்கு கொடுத்தேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போது எழுதினேன், எப்போது அழித்தேன் என்று இரண்டு தடவை கேட்டார். திரையில் இருந்த நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சரி, ஃபில்டர் இருக்கட்டும். இனிமே நிரந்தரமா இருக்கட்டும்" என்றார். "விலக்கு எழுதுற அதிகாரம் மட்டும் உங்களுக்கு வேண்டாம்."

அந்த அதிகாரப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கும் கட்டளை அந்த ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருக்க, நானே அடித்தேன்.