எனக்குப் பதில் ஒரு ‘ஹை’

ஜப்பான்காரன் சத்தம் போட மாட்டான். ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பயம் அதில்தான். திட்டினால் நாமும் முணுமுணுத்துவிட்டுப் போய்விடலாம். குனிந்து வணங்கிவிட்டு ஊருக்கு டிக்கெட் கொடுப்பவனை என்ன செய்வது?

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால், சீனாவுக்குள் நுழைய இருந்த பட்டாளத்தை அவர்களுடைய பேரரசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்ஜினியர்களைக் கப்பல் ஏற்றினார். ஒரு குண்டுகூடப் போடாமல் சிங்கப்பூர் முதல் குவைத் வரை துறைமுகமும் ஆலையும் அவர்கள் கைக்கு வந்துவிட்டன. ஓரிடத்தில் பொய் சொன்னான் என்று பெயர் வெட்டுப்பட்டால் அத்தனை இடத்திலும் வேலை கிடையாது. அப்புறம் துப்பாக்கி எதற்கு?

அன்று காலை டியூட்டி, அரவை உருளைக்குள் தேய்ந்த தகடுகளை மாற்றுவது. பஸ் நீளத்துக்கு இருக்கும் அந்த உருளை. உள்ளே கிடக்கும் இரும்புக் குண்டுகள், சுற்றவிட்டால் கல்லையே மாவாக்கிவிடும். வேலை முடிந்து எல்லோரும் முகம் கழுவப் போனோம். என் ஸ்பேனரைக் காணோம். தொலைத்தால் விசாரணை என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் திரும்ப உள்ளே நுழைந்தேன்.

தேடிக்கொண்டிருக்கும்போதே நான் நுழைந்த துவாரத்தின் மூடி விழுந்தது. போல்ட் முறுக்கும் சத்தம் கேட்டது. கத்தினேன். வாய் நிறையத் தூசிதான் வந்தது.

உருளையைச் சுற்றவிடும் முன் ஃபோர்மேன் ஒகாடா ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். ஜப்பான் பாஷையில் ‘ஹை’, அதாவது ‘ஆமாம், இருக்கிறேன்’ என்று பதில் வர வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டாவது தடவை, அப்புறம் மூன்றாவது தடவை. அதற்கும் பதில் இல்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கல் விழும் குழாய் வழியே அவர் குரல் கேட்டது. என் பெயர் வந்ததும் தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

“விஜயபாஸ்கர்.”

“ஹை.”

வேலுச்சாமி அண்ணன் குரல். என் ரூமில் மேல் கட்டில்காரர். கக்கூஸில் இருப்பவனுக்கும் பீடி குடிக்க ஒதுங்கியவனுக்கும் எவனாவது குரல் கொடுத்துவிடுவது தமிழ் ஆட்களுக்குள் வழக்கம். அதை நாங்கள் நட்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு இரும்புக் குண்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கை விரல் நசுங்கியது. திரும்பவும் அடித்தேன். வெளியே பேச்சு நின்றது. இப்போது அண்ணனுக்குப் புரிந்திருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“விஜயபாஸ்கர்.”

கொஞ்சம் இடைவெளி. பிறகு அதே குரல்: “ஹை.”

கால் வழியே மூத்திரம் இறங்கியது. கையில் பலம் இருந்தவரை அடித்தேன். ஒகாடா மூன்றாவது தடவை கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

வெளியே எடுத்தபோது என்னால் நிற்க முடியவில்லை. அண்ணன்தான் மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கினார்.

“கக்கூஸுக்குப் போயிருக்கன்னு நெனச்சேன்டா,” என்றார் மெதுவாக.

“ரெண்டாவது தடவ?”

“மொதல்ல சொன்னது பொய்யின்னு ஆயிடுமேன்னு... பயந்துட்டேன்டா. கனகாவும் பிள்ளைகளும் என்னடா பண்ணும்?”

ஒகாடா வந்தார். உனக்காகப் பதில் சொன்னது யார் என்று இந்தியில் நிதானமாகக் கேட்டார்.

“மாலும் நஹி,” என்றேன்.

மறுபடி கேட்டார். தெரியாது என்றே சொன்னேன். அண்ணனின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

மூன்றாவது தடவை கேட்டார். அதே வார்த்தையை இன்னொரு தடவை சொன்னால் போதும், கனகா மதினி வீட்டில் அடுப்பு எரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நாளைக்கும் நான்தான் உள்ளே போக வேண்டும். அண்ணன் வெளியே நிற்பார். வாயை மூடிக்கொண்டேன்.

ஒகாடா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு வேலுச்சாமி அண்ணனைப் பார்த்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.