தோணிக்காரனின் குரல்

நான்காம் பாகத்தின் முன்னோட்டம் வெளியான அன்று காலை, என் ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய மைக் ஒன்றைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். லாயிட் ஹக்காலாவின் மனைவி வெர்னா ஃபோன் செய்தார்.

"கண்டுபிடிச்சுட்டாங்க, டெனிஸ்."

"எதை?"

"தோணிக்காரன் குரல் வேற ஆளோடதுன்னு. வந்து அரை மணி நேரம்கூட ஆகல. எங்க பேத்தி இப்பதான் கூப்பிட்டுச் சொன்னா."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. 'உப்புக்கோட்டை' வீடியோ விளையாட்டின் மூன்றாம் பாகம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள். அத்தனை வருடமும் அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். கதை எங்கே போகும், எந்தக் கதவு திறக்கும், யார் உயிரோடு வருவார் என்று இணையத்தில் பேசிப் பேசி, ஆளுக்கொரு நான்காம் பாகத்தை மனதுக்குள் கட்டி முடித்திருந்தார்கள். எல்லோருடைய மனக்கோட்டையிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: லாயிடின் குரல்.

விளையாடுகிறவன் செத்துப்போனால் திரை இருண்டுவிடும். தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பிறகு ஒரு கிழட்டுத் தோணிக்காரன், அவசரமே இல்லாமல் சொல்வான்: "இன்னும் உன் நேரம் வரல. ஏறு, கரையில விடுறேன்." அவ்வளவுதான். அந்த வரியைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் வார்டிலிருந்து லாயிடுக்குக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வரியை நான்தான் பதிவு செய்தேன். டுலூத் துறைமுக நகரத்து வானொலியில் வாழ்நாள் முழுக்க வானிலையும் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெயர்களும் வாசித்தவர் லாயிட். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வேலை இருக்கிறது வாருங்கள் என்று அழைத்தேன். என் கூடம் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே பல் குடையும் சத்தம் நின்றால்தான் பதிவு செய்ய முடியும். அந்த இடைவெளிகளில் லாயிட் காபியை வைத்துவிட்டு எழுந்து நின்று பேசுவார். "நான் நடிக்கல பொண்ணே, கப்பல் வருதுன்னு சொல்ற மாதிரிதான் சொல்றேன்" என்பார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன், வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு சரிந்தார். பக்கவாதம். கால் ஓரளவு தேறியது. பேச்சு தேறவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும், சொல்ல நினைப்பதும் தலைக்குள் சரியாக இருக்கும், வாயில் வேறு வார்த்தை வந்து நிற்கும். கதவைக் கரண்டி என்பார், வெர்னாவைச் செவ்வாய்க்கிழமை என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். முகம் சிவந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் மனப்பாடமானவை மட்டும் ஒழுங்காக வந்தன. சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தைத் தங்குதடையில்லாமல் பழைய குரலில் சொல்லிவிட்டு, உப்பு வேண்டுமென்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அவை மூளையில் வேறு இடத்தில் இருக்கின்றன என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் விளக்கினாள்.

இது வெளியே தெரியக் கூடாது என்பதில் லாயிட் உறுதியாக இருந்தார். விரலை உதட்டில் வைத்து என்னையும் வெர்னாவையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனிக்காரர்களும் அதை மதித்தார்கள். சொந்தக் காரணங்களால் அவர் பங்கேற்கவில்லை என்று மட்டும் அறிவித்தார்கள். சிகாகோவிலிருந்து டெஷான் ஆலிவர் என்ற மேடை நடிகரைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல குரல். லாயிடுக்குப் பிடித்திருந்தது. அவன் பேசியதை இரண்டு முறை போடவைத்துக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ரசிகர்கள் நம்பவில்லை. அயோவாவில் டயர் கடை வைத்திருக்கும் ட்ரேவர் என்பவனுக்கு இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும் வீடியோ சேனல் ஒன்று உண்டு. லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பார்கள். "சொந்தக் காரணமாம். கிழவனைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க, அதான் காரணம்" என்றான் அவன். "நாம இத்தனை வருஷம் காத்திருந்தது இதுக்கா?" அவன் யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. அவனைப் பார்த்தவர்கள் அதைச் செய்தார்கள். டெஷானின் வீட்டு விலாசம் வெளியானது. அவன் அம்மா வேலை செய்த நூலகத்துக்கு ஃபோன் செய்து, உன் மகனின் தொண்டையை அறுப்போம் என்றான் ஒருவன். டெஷான் கறுப்பினத்தவன் என்பதற்காகவே வந்து சேர்ந்துகொண்ட கூட்டம் ஒன்றும் இருந்தது. அவர்கள் எழுதியதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

லாயிட் எல்லாவற்றையும் வாசித்தார். வாசிப்பு அவருக்கு மெதுவாக வரும், ஆனால் வரும். ஒரு நாள் பயிற்சிக்காரப் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டி, இதைத்தான் சொல்லப் பழக வேண்டும் என்று சைகை காட்டினார். கோணல் எழுத்தில் இருந்தது: அந்தப் பையனை விட்டுடுங்க. அந்த வசந்தம் முழுக்க அவர் வேறெதையும் பழகவில்லை. நல்ல நாட்களில் 'பையன்' வரை வந்தது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ரசிகர்கள் லாயிட் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் வெர்னாவுக்குத் தக்காளி நாற்று கொடுக்கப் போயிருந்தேன். தெருவில் வரிசையாகக் கார்கள் நின்றன, பாதி வெளி மாநில நம்பர். புல்தரையில் கூட்டம். சிலர் அட்டையில் துடுப்பு செய்து பிடித்திருந்தார்கள். 'அவர் இல்லையென்றால் நாங்கள் வாங்க மாட்டோம்' என்று எழுதிய பதாகை. கோபக்காரர்களாகத் தெரியவில்லை. ஒருத்தி கேக் கொண்டுவந்திருந்தாள்.

வெர்னா படியில் நின்று மறித்துக்கொண்டிருந்தார். "அவர் தூங்குறார். தயவுசெஞ்சு போயிடுங்க."

ட்ரேவர் தொப்பியைக் கழற்றினான். பெரிய உடம்பு, சின்னப் பிள்ளை முகம். "தொந்தரவு பண்ண வரலம்மா. நாங்க அவர் பக்கம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். எங்க அப்பா செத்த வருஷம் ராத்திரி பகலா இதைத்தான் விளையாடிட்டிருந்தேன். அந்தக் குரல் இல்லைன்னா நான் இன்னிக்கு இல்ல. ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறோம்."

"தம்பி, உனக்கு எப்படிச் சொல்றது? இப்ப முடியாது."

"கம்பெனிக்காரங்க பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்களாம்மா?"

வெர்னா பதில் சொல்வதற்குள் அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. லாயிட் ஊன்றுகோலோடு வந்து நின்றார். சட்டை மாற்றி, தலை சீவியிருந்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. வெர்னாவுக்கும் புரிந்தது. "லாயிட், வேணாம்" என்றார். அவர் வெர்னாவின் கையை மெல்ல விலக்கினார்.

எல்லாக் கைகளிலும் ஃபோன் உயர்ந்தது.

"அந்த," என்றார் லாயிட். "அந்த... கர... கரண்டி. கரண்டியை... இல்ல. அந்த."

யாரோ சிரித்தார்கள், கேலியாக அல்ல, என்ன செய்வதென்று தெரியாமல். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி முயன்றார். வாயோரம் எச்சில் வழிந்தது. முன்வரிசையில் கேக் வைத்திருந்த பெண், உதவுவதாக நினைத்து, தோணிக்காரன் வரியின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னும்..."

லாயிடின் வாய் அதைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் உன் நேரம் வரல. ஏறு, கரையில விடுறேன்."

கூடத்தில் நான் கேட்ட அதே குரல், ஒரு பிசிறு இல்லை. சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் வந்த திகிலை நான் பார்த்தேன். இது இல்லை என்று தலையை ஆட்டினார், கையை ஆட்டினார். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கைதட்டி அழுதுகொண்டிருந்தார்கள். ட்ரேவர் முழங்காலிட்டு அழுதான். அந்த ஆரவாரத்துக்கு நடுவே லாயிட் "பையன், பையன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெர்னா அவரை உள்ளே கூட்டிப்போனார்.

மாலைக்குள் ட்ரேவர் போட்ட வீடியோ பரவிவிட்டது. முதல் பகுதி அதில் இல்லை. கதவு திறக்கிறது, லாயிட் நிற்கிறார், கம்பீரமாக அந்த வரியைச் சொல்கிறார். கீழே ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள்: கிழவர் நன்றாகத்தான் இருக்கிறார், கம்பெனி பொய் சொல்லியிருக்கிறது, அந்தச் சிகாகோக்காரன் வாய்ப்பைத் திருடியிருக்கிறான்.

நான் ட்ரேவரை ஃபோனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"இப்ப தெரிஞ்சுடுச்சில்ல? முழு வீடியோவையும் போடு."

"எச்சில் வழியிறதைப் போய் எப்படிப் போடுறது? அது அவரைக் கேவலப்படுத்துற மாதிரிங்க. ஜனங்க அவரை இப்படித்தான் ஞாபகம் வெச்சுக்கணும்."

"ஜனங்க இல்ல, நீதான் அவரை அப்படி ஞாபகம் வெச்சுக்கப் பார்க்கிறே."

அவன் ஃபோனை வைத்துவிட்டான்.

நான் வெர்னாவிடம் போய், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். வெர்னா லாயிடைப் பார்த்தார். லாயிட் சரி என்று தலையசைத்தார். மறுநாளே கம்பெனி அவர் நோயை அறிவித்தது. அதையும் யாரும் நம்பவில்லை. எல்லோரும்தான் வீடியோ பார்த்திருந்தார்களே. அந்த வாரமே டெஷான் விலகிக்கொண்டான். அவன் அம்மாவின் கார்க் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். பழைய பதிவுகளிலிருந்து கணினியில் லாயிட் குரலைச் செய்துகொள்ளலாமா என்று கம்பெனி கேட்டது. லாயிட் சரியாகச் சொல்லக்கூடிய சில வார்த்தைகளில் ஒன்று 'இல்ல'. அதைச் சொன்னார்.

விளையாட்டு வந்தது. தோணிக்காரன் அதில் வாய் திறப்பதில்லை, வெறும் எழுத்து ஓடுகிறது. ரசிகர்கள் காறித் துப்பினார்கள். இந்த முறை லாயிட் மேல். அதிகப் பணம் கேட்டுப் பேரம் பேசிக் கெடுத்தான், எங்கள் குழந்தைப்பருவத்தை விற்றான் என்று வீட்டுக்கே எழுதினார்கள். வெர்னா தபால் பெட்டியைக் கழற்றிவிட்டார்.

செப்டம்பரில் லாயிட் என் கூடத்துக்கு வந்தார். மைக்கைக் காட்டினார். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்தோம். கீழே பல் குடையும் சத்தம் வந்தபோதும் நான் நிறுத்தவில்லை. கடைசியில் கிடைத்தது இதுதான்: "டெஷான். தம்பி. என்னால... கரண்டி, இல்ல, என்னால. மன்னி..." அதை வெட்டாமல், ஒட்டாமல் டெஷானுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

அக்டோபரில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. லாயிட் அதிலிருந்து எழவில்லை.

அடக்கத்துக்கு ரசிகர்கள் வந்தார்கள், அட்டைத் துடுப்புகளோடு. வெர்னா தேவாலய வாசலில் ஒரு கூடையோடு நின்றார். "ஃபோனைப் போட்டுட்டு உள்ள வாங்க. இல்லைன்னா வேணாம்." பாதிப் பேர் காருக்குத் திரும்பிப் போனார்கள். ட்ரேவர் போட்டுவிட்டு வந்தான்.

பிறகு தேவாலயக் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிடக் கூடியபோது, ஹாம் சாண்ட்விச் தட்டோடு அவன் என்னிடம் வந்தான். "அன்னிக்கு அவர் முதல்ல என்ன சொல்ல வந்தாருங்க?"

சொன்னேன். "நான் முழுசாப் போட்டிருக்கணும்" என்றான். நான் ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அவன் லாயிடுக்கு அஞ்சலி வீடியோ போட்டான். அதிலும் முதல் பகுதி இல்லை.

குளிர் ஆரம்பித்த பிறகு டெஷான் வெர்னாவைக் கூப்பிட்டான். நான் அப்போது அவர் வீட்டு மேஜையில் இருந்தேன். அவர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அந்தப் பதிவைக் கேட்க முதல்ல பயமா இருந்துச்சும்மா. இன்னும் யாரோ திட்டுறாங்கன்னு நெனச்சுத் திறக்கவே இல்ல. போன வாரம்தான் கேட்டேன். அதுக்குள்ள அவர் போயிட்டாரு."

"நீ கேட்டதே போதும்பா. இப்ப எங்க நடிக்கிறே?"

"நடிக்கிறதில்லம்மா. பார்சல் வண்டி ஓட்டுறேன். வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டா யார்கிட்டயும் பேச வேண்டாம். குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு இருக்கு."

வெர்னா ஃபோனை அணைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. அவன் வண்டியின் வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கொஞ்ச நேரம் மேஜைமேல் கேட்டுக்கொண்டிருந்தது.