அச்சுக்குள் இன்னொரு கோடு

“அண்டம் எப்பிடித் தொடங்கினது எண்டு படிச்ச பிள்ளை, இரும்புக்கு ஏன் வந்தனீர்?” என்று கோயில் தலைவர் ஒருநாள் சுவர்ணாவிடம் கேட்டார்.

“அண்டத்திலை நான் பிழை விட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது ஐயா. இரும்பெண்டால் தெரியும்.”

பகிடியாகச் சொன்னாலும் உண்மை அதுதான். ஏழு வருடம் அவள் எழுதிய சமன்பாடுகளைச் சரிபார்க்க உலகத்தில் ஒரு கருவியும் இல்லை. அலுத்துப்போய், பொருளை உடைக்காமல் உள்ளேயுள்ள குறையைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு மாறினாள்.

“உது மாமிமார் செய்யிற வேலையெல்லோ!” என்று அச்சுவேலிச் சனம் சிரித்தது.

சிரிக்காதவர் அப்பா மார்க்கண்டு ஒருவர்தான். மகள் என்ன படித்தாள் என்பது அவருக்கு முதன்முறையாக விளங்கியிருந்தது. கோயில் தேருக்கு அந்த வருடம் புது இரும்பு அச்சு அவருடைய உபயம். தன் பெயரையும் அதில் வெட்டுவித்திருந்தார். தேருக்கு நாலு நாள் இருக்க, ஒருவரும் கேட்காமலே, “என்ரை மகள் மெசினை வைச்சுப் பாத்துச் சொல்லுவாள்” என்று ஊரைக் கூட்டிவிட்டார்.

சுவர்ணா அச்சின் நுனியில் பசை பூசி, கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

“என்ரை மருமகளின்ரை வயித்திலையும் உப்பிடித்தான் பூசிப் பாத்தவை,” என்றாள் ஜெயகௌரி மாமி. “என்ன பிள்ளை, பொடியனோ பெட்டையோ?”

“இரட்டையெண்டால் ஒண்டைச் சப்பரத்துக்குக் குடுப்பம்,” என்றான் தேர் கட்டும் கஜீபன்.

சுவர்ணாவும் சிரித்தாள். உள்ளே போகும் ஒலி மறுநுனியில் பட்டுத் திரும்பும்போது திரையில் ஒரு கோடு எழும்ப வேண்டும். எழும்பியது. ஆனால் அதற்கு முன்னால், ஒலி பாதி வழியில் எதிலோ பட்டுத் திரும்பியதுபோல, இன்னொரு கோடும் எழும்பியது. துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினாள். மறுநுனிக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தாள். அதே இடம்.

“மூண்டு பிள்ளையோ, இவ்வளவு நேரம்?” என்றாள் மாமி.

சுவர்ணா அப்பாவின் காதுக்குக் கிட்டப் போனாள். “அப்பா, வீட்டை போய்க் கதைப்பம்.”

“ஏன் வீட்டை? இஞ்சையே சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

புது வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக நின்றார். அவருக்குப் பக்கத்தில், தேரில் ஏறப்போகும் குருக்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ளுக்கு வெடிப்பு விட்டிருக்கு அப்பா. இந்த அச்சிலை தேர் இழுக்கேலாது.”

சிரித்துக்கொண்டு நின்ற சனம் மார்க்கண்டுவைத் திரும்பிப் பார்த்தது.

“பழைய அச்சு மடத்துக்குள்ளை கிடக்குது. மாத்துறதுக்கு நாலு நாள் தாராளமாக் காணும்,” என்றார் தலைவர், மெதுவாக.

மார்க்கண்டு அச்சில் ஒட்டியிருந்த பசையைத் தன் சால்வையால் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். பிறகு செருப்பைக் கொழுவிக்கொண்டு, மகளைக் கடந்து வீதியில் இறங்கிப் போனார்.