கறை பட்ட பக்கம் உள்ளே

கார்க் உள்ளே போவேனா என்று அடம்பிடித்தது. டீச்சர் ஒயின் பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளங்கையால் ஓங்கி அழுத்திப் பார்த்தாள். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அது ஊதிப்போயிருந்தது.

"உள்ள போ, உள்ள போ! நடுவுல எடம் காலியாத்தான் இருக்கு!"

கட்டிலிலிருந்து அவள் அப்பா கத்தினார். காலமெல்லாம் பஸ்ஸில் கத்திய கண்டக்டர் குரல். காலையில் தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் அசைத்தார். டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, "கேக்கறதக் குடுங்க" என்று சொல்லிப் போயிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

எல்லாம் மதியம் வந்த போன் செய்த வேலை. "நாளைக்குக் காலைல வந்துடுவேன்பா" என்று தம்பி சொன்னான். அவன் கப்பலில் சமையல்காரன். கரண்டி பிடிக்கவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று அப்பா கேட்ட அன்று வீட்டை விட்டுப் போனவன். அக்காவோடு பேசுவான், அப்பாவோடு இத்தனை நாளாகப் பேச்சே கிடையாது. முதல் சம்பளத்தில் அவன் அனுப்பிய ஒயின் பாட்டிலை, "என்னைக் குடிகாரன்னு நெனச்சுட்டானா?" என்று அப்பா பீரோவில் போர்வைகளுக்குப் பின்னால் தள்ளினார். ஆனால் யாரையும் தொடவிடவில்லை. வீடு மாறியபோது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

போனை வைத்ததும், "அந்த பாட்டில எடு" என்றார். "நானும் அவனும் உக்காந்து குடிக்கணும். ஆனா கெட்டுப்போயிருந்தா? அவன் முன்னால மானம் போயிடும். தெறந்து பாத்துடு."

திறந்தார்கள். அப்பா டம்ளரில் ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். "கெட்டுப்போகலடீ!" என்று அவர் சொன்னதும், பரீட்சையில் பாஸானதுபோல வீடே கைதட்டியது. பார்க்கிறேன் பேர்வழி என்று திறந்தாயிற்று, திறந்ததே விடிவதற்குள் புளித்துப்போனால் என்ன செய்வது என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"கார்க்கத் திருப்பிப் போடு. அந்தப் பக்கம் சின்னதா இருக்கு" என்றான் அவள் புருஷன். பிளம்பர் வேலை பார்ப்பவன். எதை அடைப்பதென்றாலும் அவனுக்குக் கை துறுதுறுக்கும்.

"சும்மா இருங்க. அது வெளிப்பக்கம், ஒரே தூசி."

கடைசியில் சமையலறைக்குள் போய்த் தம்பிக்கே போன் போட்டாள். அவன் விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தான்.

"டேய், சும்மா கேக்கறேன். தெறந்த ஒயின் பாட்டில எப்படிடா மூடுறது?"

"கார்க்ல மெழுகுத்தாள் சுத்து. கறை பட்ட பக்கம் உள்ள போகணும். திருகித் திருகித் தள்ளு. ஃப்ரிட்ஜில நிமித்தி வை." பிறகு கேட்டான்: "யாரு தெறந்தது?"

"பக்கத்து வீட்ல."

"ஓ" என்றான் தம்பி. குரல் ஒருமாதிரி இருந்தது.

மெழுகுத்தாள் இல்லை. பிளம்பர் பையிலிருந்து பைப் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்தான். சுற்றினான், திருகினான், கார்க் இறங்கியது. ஆசை அடங்காமல் பாட்டில் கழுத்துக்கு மேலும் சுற்றினான். "இனிமே காத்துகூட அனுமதி கேட்டுத்தான் உள்ள போகணும், மாமா."

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு சவரம் செய்துகொண்டார். தேய்த்த சட்டை போடச் சொன்னார். "அவனுக்கு அந்த மெத்தையப் போடு" என்றார். நடுநடுவே, "மூடி சரியா இருக்கா? கெட்டுப்போகாதே?" என்று கேட்டார். டீச்சரும் ஒவ்வொரு முறையும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாள். அவளுக்கு அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விடிந்து காபியோடு போனபோது அப்பா இல்லை. சட்டை கசங்காமல் படுத்திருந்தார். அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே கோபம் கோபமாக வந்தது. கடைசி ஆள் ஏறாமல் ஒருநாளும் விசில் கொடுக்காத மனுஷன், இன்றைக்கு மட்டும் என்ன அவசரம்?

தம்பி தோள்பையோடு வந்து கட்டிலருகே நின்றான். சவரம் செய்த கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"பக்கத்து வீட்டு பாட்டில் எங்கக்கா?"

எடுத்து வந்தாள். அவன் டேப்பைப் பிரித்தான், பிரித்துக்கொண்டே இருந்தான். கார்க்கைத் திருகினான். அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

"லீக்கே ஆகாது மச்சான்" என்றான் பிளம்பர் குற்றவாளிபோல.

"என்ன மாமா, தண்ணி டேங்க்னு நெனச்சுட்டீங்களா?"

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, தம்பியும் பிளம்பரும் சேர்ந்து இழுத்தார்கள். மூவர் கண்ணிலும் தண்ணீர். 'டப்' என்று கார்க் வந்தது.

டம்ளர் எடுக்க அவள் எழுந்தாள். தம்பி தடுத்தான். அப்பாவின் டம்ளர் கழுவப்படாமல் தலைமாட்டில் இருந்தது. அடியில் சிவப்பாக ஒரு வளையம் காய்ந்திருந்தது. அதிலேயே ஊற்றினான். கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான், அச்சு அசலாக அப்பாவைப் போலவே.

"கெட்டுப்போகலப்பா" என்றான்.

பிளம்பர் குனிந்து தரையில் கிடந்த வெள்ளை டேப்பை எடுத்து மெதுவாக விரலில் சுற்றத் தொடங்கினான்.